ஊற்றுநீரில் எது மருந்து?

என் அத்தைக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தெருக்காரர்கள் சிலரோடு சேர்ந்து பத்ரிநாத் போய்வந்தார். அங்கே கோயிலுக்குக் கீழே, அலகநந்தா ஆற்றங்கரையில், தப்த குண்டம் என்ற வெந்நீர்க் குளம் இருக்கிறது. பனிக்காற்று வீசும் அந்த உயரத்தில், பூமிக்குள்ளிருந்து ஆவி பறக்க வரும் நீரில் குளித்துவிட்டுத்தான் பத்ரிநாராயணரைத் தரிசிக்கப் போவது வழக்கம். அத்தை தங்கியிருந்த மூன்று நாளும் காலையில் அந்த நீரில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் அவர் சொன்ன முதல் செய்தி தரிசனத்தைப் பற்றியது இல்லை. "படி ஏறி இறங்கினேன்ப்பா, வலியே தெரியல."

இரண்டு வாரத்தில் வலி திரும்பிவிட்டது. அவரிடம் அந்தக் குளத்து நீர் ஒரு பாட்டில் இருந்தது. அதைச் சூடாக்கி, துணியை நனைத்து, முட்டியில் நாலைந்து நாள் ஒற்றிப் பார்த்தார். பலன் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அதே தண்ணிதானே? அதே முட்டிதானே? அங்க கேட்டது இங்க ஏன் கேக்கல?"

இந்தக் கேள்விக்கு விடை தேடி மருத்துவ ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். தாது நிறைந்த ஊற்றுநீரில் நோயாளியை ஊறவைத்துச் செய்யும் சிகிச்சையை இந்த அத்தியாயத்தில் 'நீராட்டு மருத்துவம்' என்று அழைப்போம். அதில் மருந்து எது? நீரில் கரைந்திருக்கும் தாதுவா, சூடா, நீரேதானா? அல்லது, வேலை வெட்டியை விட்டுவிட்டு மூன்று நாள் வெளியூரில் இருந்ததா?

வலிக்கிற இடம் எது?

"எலும்பு தேஞ்சு போச்சாம்" என்று ஸ்கேன் கவரோடு திரும்பி வருகிறவர்கள் சொல்வார்கள். தேயத் தொடங்குவது எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. ஆட்டுக்கால் சூப்புக்கு எலும்பு வாங்கியவர்களுக்கு இது பழக்கமான பொருள்தான். மூட்டைப் பிரித்தால் எலும்பு முனையில் பளபளவென்று, லேசான நீலம் கலந்த வெண்மையில் ஒரு படலம் தெரியும். விரலை வைத்தால் வழுக்கும். நம் முழங்காலில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அது அமுங்கி விரிகிறது. அப்போது பஞ்சைப் போல மூட்டுத் திரவத்தை உறிஞ்சி உணவு பெறுகிறது.

நரம்பே இல்லாத ஒரு பொருள் தேய்ந்தால் எப்படி வலிக்கும்? வலி சுற்றுப்புறத்திலிருந்து வருகிறது. குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பில் நரம்பு உண்டு. மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு அழற்சியில் வீங்குகிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகுகிறது. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்பதால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது. அதனால் வலி இன்னும் கூடுகிறது. போதாததற்கு, தூக்கமில்லாத இரவுகளும் மனக்கவலையும் மூளைக்குள் வலியின் ஒலியளவைத் திருகி ஏற்றிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் பெரிய தேய்மானம் தெரிகிற ஒருவர் சாதாரணமாக நடந்து போவதும், சிறிய தேய்மானம் உள்ளவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்வதும் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற காட்சி.

நமக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் குளியலும் மீண்டும் வளர்ப்பதாக நிரூபணம் இல்லை. ஆனால் வலி குறைய அது வளர்ந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. சவ்வின் வீக்கம், தசையின் இறுக்கம், மூளையின் பதற்றம் என்று வலிக்குப் பல வாசல்கள். அவற்றில் ஒன்றிரண்டை நீர் சாத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆவிக்குள் சதுரங்கம்

இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்ட நாடு ஹங்கேரி. அந்நாட்டின் அடியில் பூமியின் மேலோடு மெல்லியது. ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் உலகின் பல பகுதிகளில் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். அங்கே ஏறக்குறைய 50 டிகிரி கூடுகிறது. அதனால் தோண்டிய இடமெல்லாம் வெந்நீர். ரோமானியர்கள் அங்கே குளியலறை கட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வந்த துருக்கியர்கள் கட்டிய குவிமாடக் குளியல் மண்டபங்கள் புடாபெஸ்ட் நகரில் இன்றும் இருக்கின்றன. 1913-இல் திறந்த செச்செனி குளியலகத்தில், குளிர்கால ஆவி மூட்டத்துக்குள், மார்பளவு வெந்நீரில் நின்றபடி முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். ஹங்கேரியில் இது உல்லாசம் மட்டும் கிடையாது. மூட்டுநோய் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சிகிச்சைக் குளியலுக்கான செலவில் ஒரு பங்கை அரசு மருத்துவக் காப்பீடு ஏற்கிறது. பொதுப்பணம் செலவாகும் இடத்தில், "இது உண்மையிலேயே வேலை செய்கிறதா?" என்று கேட்க வேண்டிய கடமையும் வந்துவிடுகிறது.

எழுபது கிலோ எங்கே போனது?

தாதுவை ஒதுக்கிவிட்டு, வெறும் நீர் என்ன செய்யும் என்று முதலில் பார்ப்போம்.

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குத் தெரியும். வாளி நீருக்குள் இருக்கும் வரை கனமே தெரியாது. நீர்மட்டத்தை விட்டு மேலே வந்த கணத்தில் கயிறு கையை இழுக்கும். நீருக்குள் இருக்கும் பொருளை நீர் தாங்கிப் பிடிக்கிறது. இதை மிதப்பு விசை என்பார்கள். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்குத் தாங்கல் கிடைக்கும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் குளத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பளவு நீரில் நிற்கும்போது அவருடைய பாதம் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும்: 35 கிலோ. மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதாவது 20 கிலோவை ஒட்டி. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு, 7 கிலோதான். மனித உடலின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், கழுத்து வரை மூழ்கியவர் சுமப்பது பெரும்பாலும் நீருக்கு வெளியே இருக்கிற தலையின் எடையை மட்டும்தான்.

தரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டின் மேல் விழும் விசை, தசைகளின் இழுப்பும் சேர்ந்து, உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. படி ஏறினால் இன்னும் அதிகம். வருடக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்கிய மூட்டு, கழுத்தளவு நீரில் திடீரென்று விடுதலை பெறுகிறது. தரையில் மடக்க முடியாத காலை அங்கே மடக்கலாம். "வலிக்கவில்லை, ஆகவே அசைக்கலாம்" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. என் பார்வையில் குளியலின் மிகப் பெரிய பயன் இதுதான். அதற்கு எந்தத் தாதுவும் தேவையில்லை.

நீர் அழுத்தவும் செய்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் காலை எல்லாப் பக்கத்திலிருந்தும் நீர் அழுத்தும் அளவு, ரத்த அழுத்தத்தில் 'கீழ் எண் 80' என்கிறோமே, அதற்குச் சற்றுக் குறைவு. சீராகக் கட்டிய துணிக்கட்டைப் போல அது காலில் தேங்கிய நீரை மேலே தள்ளுகிறது. குளத்தில் நேரம் போகப் போகச் சிறுநீர் முட்டுவதற்கும் இந்த இடப்பெயர்ச்சிதான் காரணம்.

மூன்றாவது, சூடு. தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. காலில் இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், வலி சற்று அடங்குகிறது. 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தொடுதல் போன்ற பிற உணர்வுகள் வந்து நெருக்கும்போது அந்தக் கதவு ஓரளவு சாத்திக்கொள்ளும். வெந்நீரில் உட்கார்ந்திருப்பவரின் தோல் முழுவதிலிருந்தும் வெதுவெதுப்பும் நீரின் தொடுகையும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகின்றன.

தோல் என்னும் மதில்

இனி தாதுவுக்கு வருவோம். "ஊற்றில் கந்தகம் இருக்கு, அது உடம்புக்குள்ள போய் வலியை எடுக்கும்" என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. ஆனால் நம் தோலின் வேலையே எதையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான். தோலின் மேலோடு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். இறந்த செல்களைச் செங்கலாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய மதில் அது. அது இல்லாவிட்டால் நாளெல்லாம் கடலில் நிற்கிற மீனவரின் உடலுக்குள் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். நெடுநேரம் நீரில் இருந்தால் விரல் நுனி சுருங்குவதை, நீர் உள்ளே புகுந்ததற்குச் சாட்சியாகப் பலர் சொல்வார்கள். நரம்பு அறுபட்ட விரல் எத்தனை நேரம் ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை. அந்தச் சுருக்கம் நரம்பு மண்டலம் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஏற்படுவது.

கால்சியம், மக்னீசியம் போன்ற கரைந்த உப்புகள் இந்த மதிலைத் தாண்டி முழங்கால் மூட்டுக்குள் பயனுள்ள அளவில் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. வாயுக்கள் கதை வேறு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஊற்றில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அது தோலை ஊடுருவக்கூடியது. நம் உடலே அதைச் சிறிதளவு உற்பத்தி செய்து சமிக்ஞையாகப் பயன்படுத்துகிறது. சோதனைக்கூடத்தில் குருத்தெலும்பு செல்களின் அழற்சியை அது தணிக்கிறதா என்று ஆராய்கிறார்கள். ஆக, தாதுநீருக்குத் தனிப்பலன் இருக்கவே முடியாது என்று கதவைச் சாத்திவிடுவது சரியில்லை. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நாஜ்பாராச்கா கிராமத்தின் இரு தொட்டிகள்

எப்படிச் சோதிப்பது? குளித்தவர்களிடம் "குறைந்ததா?" என்று கேட்டால் போதாது. மூட்டுத் தேய்மான வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சையைத் தேடிப் போகிறார்கள். உச்சத்திலிருந்து எதுவும் செய்யாமலே கொஞ்சம் இறங்கும்; அந்தப் புகழ் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்ச் சேரும்.

ஹங்கேரியின் தெற்கில் நாஜ்பாராச்கா என்ற கிராமம். அங்கே தாதுநீர் உண்டு, ஆனால் அது உல்லாசக் குளியல் நகரம் கிடையாது. 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்கு அந்த இடத்தைத் தேர்ந்ததிலேயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: விடுமுறை மகிழ்ச்சி கணக்கில் கலக்காது. முழங்கால் தேய்மானம் உள்ள 64 பேரை, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, 32 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு தாதுநீரில் குளித்தது, மற்றது குழாய்நீரில். ஒரு முறைக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள், 4 வாரம். ஆக 20 குளியல், மொத்தம் 10 மணி நேரம். எது எந்த நீர் என்று குளித்தவருக்கும் தெரியாது, வலியை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. இதை 'இருபுற மறைப்பு' என்று சொல்லலாம்.

வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் பயன்பட்டது. கனடாவில் உருவாகி உலகெங்கும் பரவிய அந்தத் தாளில் 24 கேள்விகள்: வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாட வேலைகள் பற்றி 17. படி இறங்கும்போது எவ்வளவு சிரமம்? காலுறை மாட்டும்போது? காரில் ஏறும்போது? சம்மணம் போட்டு உட்காருவது பற்றியோ குந்துவது பற்றியோ மூலத் தாளில் கேள்வி கிடையாது. என் அத்தைக்கு மிகப் பெரிய இழப்பு பந்தியில் தரையில் உட்கார முடியாமல் போனதுதான். அந்தத் தாள் அதைக் கேட்கவே கேட்காது. புனேயைச் சேர்ந்த மூட்டுநோய் மருத்துவர்கள் பின்னர் இந்தியப் பழக்கங்களுக்கு ஏற்ப அதைத் திருத்தினார்கள்.

நான்கு வாரம் முடிந்தது. தாதுநீர்க் குழுவின் வலி நன்றாகக் குறைந்திருந்தது. குழாய்நீர்க் குழுவின் வலியும் நன்றாகக் குறைந்திருந்தது!

ஆய்வு இத்தோடு நின்றிருந்தால், "நீரும் சூடும் போதும், தாது வேண்டாம்" என்று எழுதிவிடலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து அவர்களை மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். தாதுநீரில் குளித்தவர்களிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. குழாய்நீரில் குளித்தவர்களிடம் அது காணாமல் போயிருந்தது.

முப்பத்தாறும் முப்பத்து நான்கும்

படித்தவுடன் தாதுவுக்கு வெற்றி என்றுதான் தோன்றும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தேர்வில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். ஒரு மாணவி 36 எடுக்கிறாள், இன்னொருத்தி 34. ஒருத்தி பாஸ், இன்னொருத்தி ஃபெயில். முடிவு வானுக்கும் பூமிக்குமான வேறுபாடு; ஆனால் இருவருக்கும் இடையில் உள்ளது 2 மதிப்பெண்தான். "இந்தக் குழுவில் முன்னேற்றம் உறுதியாகத் தெரிகிறது, அந்தக் குழுவில் தெரியவில்லை" என்ற வாக்கியமும் இதே வகை. இரு குழுக்களும் தனித்தனியே கோட்டைத் தாண்டினவா என்று பார்ப்பது ஒன்று. இரு குழுக்களையும் அருகருகே நிறுத்தி, இடைவெளி எவ்வளவு என்று அளப்பது வேறொன்று. சிறிய குழுக்களில் தற்செயலாகவே ஒன்று கோட்டுக்கு மேலும் ஒன்று கீழும் விழுந்துவிடும்.

இன்னொரு ஓட்டை: 64 பேரில் கடைசிவரை வந்தவர்கள் 27-உம் 25-உம், ஆக 52 பேர். 12 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். பலன் இல்லாதவர்கள் சலித்துப் போய் நின்றிருந்தால், மிஞ்சியவர்களின் கணக்கு இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

இந்த ஆய்வைச் செய்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. பல ஆய்வுகள் குளித்தவர்களைக் குளிக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்கள் நீரை நீரோடு ஒப்பிட்டார்கள். தாதுவின் பக்கம் ஒரு சிறிய சாய்வு இருக்கலாம் என்று இந்த ஆய்வு காட்டுகிறது; அதற்கு மேல் அதன் தோளில் சுமை ஏற்றக் கூடாது. அதே 2007-இல் காக்ரேன் என்ற உலகளாவிய மருத்துவ ஆய்வு வலையமைப்பு, அதுவரை வந்தவற்றில் தகுதியான 7 சோதனைகளை, 498 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. தாதுக் குளியல் எந்தச் சிகிச்சையும் இல்லாததைவிட மேலாகத் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் போதாது என்பதே அதன் தீர்ப்பு.

மூன்று வாரம் வெளியூர்

பிரான்சில் வேறு மாதிரி கேட்டார்கள். அங்கே மருத்துவர் சீட்டு இருந்தால் மூன்று வாரத்தில் 18 சிகிச்சை நாட்களுக்குக் காப்பீடு உதவுகிறது. எக்ஸ்-லே-பேன், பலாரூக், தாக்ஸ் ஆகிய மூன்று குளியல் ஊர்களில் 462 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இரு குழுக்களுக்கும் வீட்டில் செய்ய உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாகக் குளியல், சேற்றுப் பூச்சு, மசாஜ், நீருக்குள் பயிற்சி. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், குளியல் குழுவில் 100-க்கு 50 பேர். மற்றதில் 100-க்கு 36 பேர். கூடுதல் 14. ஏழு பேரை அனுப்பினால், அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பலன்.

இங்கே எதையும் மறைக்கவில்லை. குளித்தவருக்குக் குளித்தது தெரியும். நம்பிக்கை, ஓய்வு, பேச்சுத்துணை, சமையற்கட்டிலிருந்து மூன்று வார விடுப்பு எல்லாம் அந்த 14-க்குள் கலந்திருக்கின்றன. நோயாளிக்கு அது ஒரு குறையே இல்லை, வலி குறைந்தால் சரி. ஆனால் பயணச்செலவுக்கு வழியில்லாத ஒருவருக்கு, அந்தக் கலவையில் எது அவசியம், எது இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்தாக வேண்டும். இந்த ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படுவது அவருக்காகத்தான்.

அத்தையின் பாட்டில்

திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு சிறிய சதுரக் கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. உள்ளே இறங்கி உட்கார இடமில்லை. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். ஊற்றும்போது தோலுக்குச் சூடு கிடைக்கிறது, தாதுவும் சில நொடி தொட்டுப் போகிறது. ஆனால் மிதப்பு கிடையாது, அழுத்தம் கிடையாது. 70 கிலோ எடையும் அப்படியே முழங்காலில் நிற்கும். அதே ஊற்றில் அமிழ்ந்து உட்காரும் குளம் இருந்தால் மூட்டுக்குக் கிடைப்பது வேறாக இருக்கும்.

அத்தையின் பாட்டிலிலும் இதே கதைதான். பத்ரிநாத்திலிருந்து தாது வந்து சேர்ந்தது. வாயு இருந்திருந்தால் அது மூடியைத் திறந்து சூடாக்கும்போதே போயிருக்கும். அவரைத் தூக்கிப் பிடித்த குளம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

அவருடைய வீட்டில் தொட்டி கிடையாது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் கிடையாது. சூடு மட்டும் கைவசம் இருக்கிறது. அதற்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை நோயும் உண்டு. அந்நோய் முற்றினால் காலில் உணர்ச்சி மங்கும். கொதிநீர் பட்டுத் தோல் வெந்தாலும் தெரியாது. அதனால் ஒத்தடத் துணியை முதலில் மருமகள் தன் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே அவர் காலில் வைக்கிறார். இதய நோயோ குறைந்த ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வெந்நீர்க் குளத்தில் இறங்குமுன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

ஒத்தடம் கொடுத்து வலி அடங்கியிருக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் பொன்னான நேரம். அத்தையை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். தொடைத் தசை இறுகுவதைக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "ஆமாப்பா, கல்லு மாதிரி ஆகுது" என்றார். ஒரு காலுக்குப் பத்து முறை. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்றும் சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பாட்டிலில் இன்னும் பாதி நீர் இருக்கிறது. அதை அத்தை முட்டியில் தடவுவதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றியதும் வாசல்படியில் கொஞ்சம் தெளித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்குகிறார்.